நீலகிரி மலை அணைகளில் இளவேனில் பறவை நோக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்ததும் பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களை நீலகிரியின் மலை அணைகளுக்கு அழைத்துச் செல்வது சில ஆண்டுகளாக என் வழக்கம். எமரால்டு கரையிலோ காமராஜ் சாகர் சாலையோரத்திலோ நிற்கும்போது அவர்கள் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நம்ம ஊரில் இளவேனில் என்று ஒரு பருவம் உண்மையிலேயே இருக்கிறதா?

பழைய ஆறு பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். சமவெளியில் பங்குனியிலேயே வெயில் சுட்டெரிப்பதால் இந்தப் பகுப்பு ஏட்டில் மட்டும் இருப்பதாகத் தோன்றலாம். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் அப்படித் தோன்றாது. டிசம்பரிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்த உறைபனி பிப்ரவரி போகப்போக விலகுகிறது, சோலைக்காட்டின் ஓரத்துக் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) சிவப்பாகப் பூத்து நிற்கிறது, காலை வெயிலில் பூச்சிகள் எழுகின்றன.

இந்தப் பக்கத்தில் இளவேனில் என்று நான் சொல்வது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை உள்ள காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் குஞ்சு பொரித்து வளர்த்துவிட வேண்டும் என்பதால், இங்குள்ள பல பறவைகள் இந்த வாரங்களில்தான் கூடு கட்டுகின்றன.

எந்த அணைகளைச் சொல்கிறீர்கள்? எல்லாம் ஊட்டிக்குப் பக்கத்தில்தானா?

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சுமார் 10 கி.மீ. தொலைவில் காமராஜ் சாகர் இருக்கிறது. சாண்டிநல்லா அணை என்றும் அதைச் சொல்வார்கள். அதே சாலையில் சுமார் 20 கி.மீ. சென்றால் பைக்காரா. வேறு திசையில், சுமார் 25 கி.மீ. தொலைவில், எமரால்டும் அவலாஞ்சியும் அடுத்தடுத்து இருக்கின்றன. இவற்றைத் தவிர, காட்டுக்குள் மேல்பவானி, பார்சன்ஸ் வேலி, போர்த்திமந்து ஆகியவை உள்ளன. போர்த்திமந்து என்ற பெயரில் உள்ள ‘மந்து’ தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் சொல். அணைகளுக்கு முன்பே இந்தப் புல்வெளிகளில் எருமை மேய்த்தவர்கள் அவர்கள்.

இவை பெரும்பாலும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. எமரால்டும் அவலாஞ்சியும் மேல்பவானியும் கனடா நாட்டின் உதவியோடு பின்னர் உருவான குந்தா திட்டத்தைச் சேர்ந்தவை. பறவை பார்ப்பவருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். நீர்மட்டம் ஏறி இறங்குவதை மழையோடு மின் உற்பத்தியும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்பதுதான் காரணம். அது பறவைகளை எப்படிப் பாதிக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

அணை என்றால் வேடந்தாங்கல் மாதிரி ஆயிரக்கணக்கில் பறவை இருக்குமா?

இருக்காது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். சமவெளி ஏரி ஆழமற்றது, வெதுவெதுப்பானது, சேறும் பாசியும் மீனும் நிறைந்தது. மலை அணையோ பள்ளத்தாக்கை மறித்துத் தேக்கிய ஆழமான குளிர்ந்த நீர். கரை சரிவாக இறங்குவதால் நீர்ச்செடிகள் வேரூன்ற இடம் குறைவு. நடுநீரில் சில முக்குளிப்பான்கள், நீர்க்காகங்கள், எப்போதாவது நாமக்கோழியோ புள்ளிமூக்கு வாத்தோ தென்படலாம், அவ்வளவுதான்.

நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மலை அணையில் தண்ணீரைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். நீரும் சேறும் புல்லும் சோலையும் சில பத்து அடிகளுக்குள் ஒன்றையொன்று தொடும் இடம் அது. அந்த விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு, கரையைச் சுற்றி ஐந்து கி.மீ. நடந்தவரைவிட அதிகப் பறவைகள் கிடைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அப்படியானால் இளவேனிலில் எதைத்தான் பார்க்கப் போகிறோம்?

போகிறவர்களையும் தங்குகிறவர்களையும் ஒரே கரையில் பார்க்கப் போகிறீர்கள். செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வந்த பறவைகள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் கிளம்புகின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்தவை அதே நாட்களில் இணை சேர்ந்து கூடு கட்டுகின்றன. இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஆறேழு வாரங்கள் ஆண்டின் வேறெந்த மாதத்திலும் கிடைக்காதவை.

இதைக் கண்ணெதிரே காட்டுவது தகைவிலான்கள். மார்ச் மாதக் காலையொன்றில் எமரால்டு கரையில், நீர் வற்றி விட்டுச்சென்ற ஈரச் சேற்றின்மேல் இரண்டு வகைத் தகைவிலான்களைச் சேர்ந்தே பார்த்தேன். ஒன்று மார்பின் குறுக்கே கரும்பட்டையும் நீண்ட வால் இழைகளும் கொண்ட வலசைத் தகைவிலான். அது சேற்றில் இறங்கவே இல்லை, பூச்சி பிடித்தபடி மேலேயே சுற்றியது. மற்றொன்று மார்புப்பட்டை இல்லாத, அடிவயிறு மங்கலான, வால் குட்டையான மலைத் தகைவிலான். அது இறக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்று, அலகால் இரண்டு மூன்று முறை கொத்தி, மிளகு அளவு மண் உருண்டையைக் கவ்விக்கொண்டு அருகிலிருந்த பாலத்தின் அடிப்புறத்துக்குப் பறந்தது. ஒன்றுக்கு இந்தக் கரை வழிச்சாப்பாட்டுக்கான இடம், மற்றொன்றுக்கு வீடு கட்ட மண் எடுக்கும் இடம்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? ஒரே நாளில் எத்தனை அணை பார்க்கலாம்?

மார்ச்சில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு எழுகிறது. அதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் கேட்கும் பாட்டு அதன்பின் பாதிகூட இருக்காது. பத்து மணிக்கு மேல் வெப்பக்காற்று எழும்போது தலையை உயர்த்தி வானத்தைப் பாருங்கள். சோலை முகடுகளை ஒட்டிக் கருங்கழுகு மெதுவாக மிதந்து வரும் நேரம் அது. ஏப்ரலில் பிற்பகல் இடியுடன் கோடை மழை பெய்யக்கூடும் என்பதால் இரண்டு மணிக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஓர் அணை போதும். இரண்டுக்கு மேல் போனால் நாள் முழுவதும் வண்டியிலேயே கழியும்.

பைனாகுலர் எது வாங்குவது? கேமரா மட்டும் போதாதா?

8×42 அளவு (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) இங்கே பொருத்தமானது. சோலையோர நிழலிலும் மூடுபனியிலும் ஒளி போதிய அளவு கிடைக்கும், கையும் நடுங்காது. கேமரா மட்டும் வைத்திருப்பவர் பறவையைக் கண்டபின் படம் எடுக்கிறார். பைனாகுலர் வைத்திருப்பவர் கரையை அங்குலம் அங்குலமாகத் துழாவிப் பறவையைக் கண்டுபிடிக்கிறார். தொடக்கத்தில் பின்னதே வேண்டும் என்பது என் கருத்து.

அனுமதி வாங்க வேண்டுமா, நேராகப் போய்விடலாமா?

காமராஜ் சாகரின் நீர்ப்பரப்பு நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது. சாலையோரத்தில் நின்று பார்க்கத் தடையில்லை. எமரால்டு ஊரை ஒட்டிய பகுதிகளிலும் பொதுச்சாலையிலிருந்து நிறையப் பார்க்கலாம். அவலாஞ்சியின் காட்டுப் பகுதிக்கு வனத்துறை தன் வண்டிகளில் அழைத்துச் செல்கிறது. மேல்பவானி, பார்சன்ஸ் வேலி, போர்த்திமந்து ஆகிய பகுதிகளுக்கு வனத்துறையின் முன் அனுமதி இல்லாமல் செல்லக் கூடாது. அணைக்கட்டின்மேலும் மின்வாரியக் கட்டடங்கள் அருகிலும் படமெடுப்பதைத் தவிருங்கள்.

வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்தபின் விதிகள் இறுகியிருக்கின்றன. வறட்சி கூடினால் வழிகள் முன்னறிவிப்பின்றி மூடப்படும். அப்போது வாதிடாமல் திரும்பிவிடுங்கள்.

மஞ்சளாக இருக்கிற குருவிக்கு ஏன் சாம்பல் வாலாட்டி என்று பெயர்?

முதுகைப் பாருங்கள், அது சாம்பல் நிறம். வயிற்றிலும் வாலடியிலும் எலுமிச்சை மஞ்சள் இருப்பதால் பலர் இதை மஞ்சள் வாலாட்டி என்று எழுதிவிடுகிறார்கள். உடலைவிட நீளமாகத் தோன்றும் வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, ஓடை அணையில் விழும் கற்களுக்கிடையே நடக்கும்.

இளவேனிலில் இதில் ஒரு மாற்றத்தைக் காணலாம். குளிர்காலம் முழுவதும் வெளுத்திருந்த ஆணின் தொண்டையில் மார்ச் வாக்கில் கருப்பு இறகுகள் முளைக்கத் தொடங்கும். பாதி கறுத்த தொண்டையோடு நிற்கும் வாலாட்டியைக் கண்டால், அது இமயத்துக்கோ அதற்கும் அப்பாலோ போகத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

கரையில் வாலை ஆட்டுகிறதெல்லாம் வாலாட்டியா?

இல்லை. பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகப் பின்பாதி உடல் முழுவதையும் ஊஞ்சல்போல் ஆட்டுவது உள்ளான். மடித்த இறக்கைக்கு முன்னால், தோளருகே வெள்ளை நிறம் மேலேறி நிற்கும். கிளப்பினால் இறக்கையை விறைப்பாக அடித்து நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறந்து, சற்றுத் தள்ளி மீண்டும் கரையிலேயே இறங்கும். இதுவும் ஏப்ரலுக்குள் போய்விடும் விருந்தாளிதான்.

புல்வெளியில் பழுப்பாக ஓடுகிறதையெல்லாம் நெட்டைக்காலி என்கிறீர்கள். எது நீலகிரி நெட்டைக்காலி?

இது நியாயமான குழப்பம். அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம். அணைகளைச் சுற்றி மூன்று நெட்டைக்காலிகளை எதிர்பார்க்கலாம். வயல் நெட்டைக்காலி ஒல்லியானது. காலும் வாலும் நீண்டு, நிமிர்ந்து நிற்கும். மார்பின் மேற்பகுதியில் மட்டும் மெல்லிய கோடுகள் இருக்கும், விலா வெறுமையாக இருக்கும். குளிர்காலத்தில் வரும் மர நெட்டைக்காலிக்கு முதுகில் பச்சை சாயல் உண்டு. அது மர நிழலில் மேயும், மேயும்போது வாலை ஆட்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரி நெட்டைக்காலி இவற்றைவிடப் பருத்த தோற்றமுடையது. முதுகில் தடித்த கருங்கோடுகள் தெளிவாக இருக்கும். மார்புக் கோடுகள் விலாவரை நீளும். அடிப்புறம் முழுவதும் இளமஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். எனவே முதலில் விலாவைப் பாருங்கள். கோடு விலாவரை வந்திருந்தால், நிற்கும் விதத்தையும் முதுகையும் சரிபாருங்கள். கிளப்பினால் அருகிலுள்ள புதரிலோ சிறு மரத்திலோ போய் உட்காருவதும் இதன் பழக்கம். மூன்றும் பொருந்தாதபோது ‘நெட்டைக்காலி’ என்று மட்டும் எழுதிவைப்பதில் குறையொன்றும் இல்லை.

சோலைக்குள் போகாமல் சோலைப் பறவைகளைப் பார்க்க முடியுமா?

முடியும், அப்படிப் பார்ப்பதே நல்லது. உள்ளே நடந்தால் கிளைகள் மறைக்கும், கரடியோ காட்டுமாடோ எதிர்ப்படக்கூடும், பறவைகளும் அமைதியாகிவிடும். சோலைக்கு வெளியே, கரையில், அதன் முகத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். காட்டுப்பூவரசு பூத்த மரம் ஒன்று எதிரில் இருந்தால் அதுவே போதும். வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து பூவுக்குள் தலையை விட்டு, நெற்றியில் மகரந்தத்தோடு வெளிவரும். நீலகிரி சிரிப்பான் வெண்புருவமும் செம்பழுப்பு வயிறுமாக அதே பூவில் தேன் குடிக்கும். அதன் குரல் உண்மையிலேயே யாரோ சிரிப்பதுபோல் இருக்கும். நீலகிரி ஈப்பிடிப்பான் ஓரத்துக் கிளையிலிருந்து எழுந்து பூச்சியைப் பிடித்துத் திரும்பும்.

மார்ச் இறுதிக்குள் போனால் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் தேடுங்கள். வடமேற்கு இமயத்தில் கூடு கட்டி, இலங்கையின் மலைகளிலும் நம் மலைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் சிறு பறவை அது. ஆணின் செம்மையான தொண்டையின் இருபுறமும் கருங்கரை ஓடும்.

கொடைக்கானலில் பார்த்த சிரிப்பானும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. அதன் அகலம் 30 முதல் 40 கி.மீ. என்பதால் மனிதருக்கு ஒரு மணி நேரப் பயணம். குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கோ தாண்ட முடியாத வெம்மை. நெடுங்காலம் பிரிந்திருந்ததால் இருபுறத்துச் சிரிப்பான்களும் வேறு வேறு இனங்களாகிவிட்டன. பழனியில் நீங்கள் பார்த்தது பழனி சிரிப்பான். சோலைத் தரையில் வாழும் சோலைக்கிளிகளும் இப்படியே பிரிந்தவை. இவற்றுக்கும் சிரிப்பான்களுக்கும் 2017-இல் தனித்தனிப் புதிய பேரினங்கள் அறிவிக்கப்பட்டன. பெயரில் கிளி இருந்தாலும் சோலைக்கிளி கிளியினம் அன்று. நீலமும் செம்பழுப்புமான சிறு பறவை.

ஆனால் எல்லாப் பறவைக்கும் இது பொருந்தாது. முன்னே சொன்ன நீலகிரி நெட்டைக்காலியும் நீலகிரி ஈப்பிடிப்பானும் கணவாயின் இருபுறமும் உண்டு.

பாட்டைப் போட்டுக் கூப்பிட்டால் பறவை வெளியே வருமாமே, செய்யலாமா?

வரும், செய்யக் கூடாது. கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டை ஆண் பறவை தன் எல்லைக்குள் புகுந்த எதிரியாக எடுத்துக்கொள்கிறது. இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு அந்த இல்லாத எதிரியைத் துரத்துகிறது. கூடு கட்டும் பருவத்தில், ஒவ்வொரு வார இறுதியும் பத்துப் பேர் இதையே செய்தால், அந்த இணை இடத்தையே விட்டுவிடலாம். என்னோடு வருகிறவர்களிடம் இதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கூடு கண்ணில் பட்டால் ஒரே ஒரு படம் எடுக்கலாமா?

வேண்டாம். காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காமராஜ் சாகர் அருகே, கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டின் பெட்டை வேலிக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. அலகில் பச்சைப் புழு. அழகான படம் என்று நினைத்து அருகே நின்றேன். அது வாலை வெட்டி வெட்டி ஆட்டியது, பக்கத்துக் கம்பத்துக்குப் போனது, மீண்டும் வந்தது. புழு அலகிலேயே இருந்தது. கால்மணி நேரம் கழித்துத்தான், நான் நிற்கும் மண்சரிவிலேயே கூட்டுப் பொந்து இருக்கிறது என்பது புரிந்தது. நான் விலகி முப்பது அடி போவதற்குள் அது நேராக வந்து பொந்துக்குள் நுழைந்தது. அந்தக் கால்மணி நேரமும் குஞ்சுகள் பசியோடு இருந்தன.

அலகில் இரையோடு ஒரு பறவை இறங்காமல் தவித்தால், தவறான இடத்தில் நிற்பவர் நீங்கள்தான். உடனே பின்வாங்குங்கள். கூட்டின் இடத்தைப் பொதுவெளியில் பகிரவும் வேண்டாம்.

தண்ணீர் குறைவது பறவைகளுக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். மழையில்லாத மாதங்களில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க, மார்ச்சில் அணையைச் சுற்றி அகலமான சேற்றுப்பட்டை தெரியத் தொடங்குகிறது. உள்ளானுக்கும் வாலாட்டிக்கும் அது மேய்ச்சல் நிலம். மலைத் தகைவிலானுக்கு அது எதற்குப் பயன்படுகிறது என்று மேலே சொன்னேன். முக்குளிப்பானுக்கு மட்டும் இதே இறக்கம் ஆபத்தாகிறது. அது நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. விலகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகிறது. நீர் மெதுவாக இறங்கினால் கூடும் சேர்ந்து இறங்கும். சட்டென்று இறங்கினால் கூடு சேற்றில் தட்டி நின்றுவிடும். பிறகு காகமோ நாயோ நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்தச் சேற்றுப்பட்டையில் நீங்கள் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே முழங்கால்வரை புதையும்.

சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பச்சையாகத்தானே இருக்கின்றன? அவற்றை ஏன் குறை சொல்கிறீர்கள்?

அணைக்கரைகளில் நீங்கள் காடு என்று நினைத்துப் படமெடுப்பதில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, பின்னர் பெருமளவில் நடப்பட்ட மரங்கள். அவை நிற்கும் இடம் முன்பு புல்வெளி. நீலகிரி நெட்டைக்காலி புல் தூரின் அடியில், தரையில் கூடு கட்டுவது. புல்லின்மேல் சீகை ஏறிவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. மரம் நட்டால் நன்மை என்று பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு, ஓரிடத்தில் மரமே கேடாகலாம் என்பதை ஏற்பது கடினம். போர்த்திமந்துப் பக்கம் எஞ்சியுள்ள திறந்த புல்வெளியில் ஒரு காலை நின்றவர்களுக்கு அது விளங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து வருவதும் உண்மை. சோலைப் பறவைகள் சில அங்கே நடமாடுகின்றன. எஞ்சிய புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் சீகையை முதலில் தடுப்பதே அவசரம் என்று கருதுகிறேன்.

செயலி சொல்லும் பெயரை அப்படியே பதிவு செய்யலாமா?

கூடாது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலி, ‘இது இருக்கலாம், தேடிப்பார்’ என்று சொல்லும் துணை. ஒரு குரல் கேட்டதாக அது காட்டினால் பைனாகுலரைத் தூக்குங்கள். பறவையையோ குரலையோ நீங்களே உறுதிசெய்தபின் எழுதுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பட்டியல் இடும்போது எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதோடு ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் கொடுங்கள். நான்கு முக்குளிப்பான்களில் இரண்டு கழுத்து சிவந்து இனப்பெருக்கக் கோலத்தில் இருந்தால், அதைக் குறிப்பில் சேருங்கள்.

ஏப்ரல் கடைசியில் வந்தால் எல்லாம் போயிருக்குமே, வரத்தான் வேண்டுமா?

வாருங்கள். வாலாட்டியும் உள்ளானும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் இருக்காது. ஆனால் புதர்ச்சிட்டின் குஞ்சுகள் புள்ளியிட்ட உடலோடு வேலிக் கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஓடை முகத்தில் சீகாரப் பூங்குருவி மனிதர் சீட்டியடிப்பதுபோல் நீளமாகப் பாடும், முக்குளிப்பானின் முதுகு இறகுக்குள்ளிருந்து கோடு போட்ட சிறு தலை எட்டிப்பார்க்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. முதலில் வந்த வாலாட்டியின் தேதியைப் பலரும் செப்டம்பரில் ஆவலோடு எழுதுகிறார்கள். கடைசியாகப் பார்த்த தேதியை எழுதுகிறவர்கள் குறைவு. கடைசி வாலாட்டி என்று அன்றைக்கே தெரியாது என்பதே அதற்குக் காரணம். மார்ச் நடுவிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரே கரைக்குப் போய், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் குறித்துக்கொண்டே வந்தால்தான் அந்தத் தேதி கிடைக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஓடைக் கற்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ‘வாலாட்டி இல்லை’ என்று நீங்கள் எழுதும் வரி, அந்த வரிசைக்கு வேண்டிய ஒன்று.